சன்னாசி கடையில் கோப்பிக் காசு செல்லாது

ஈப்போப் பட்டணத்தை ஒட்டின புந்தோங்கில் சன்னாசி அண்ணன் கடையில் முடி வெட்டிக்கொண்டு, அவர் கையில் பத்துக் காசு கூடுதலாக வைத்துவிட்டு வந்தவர் எவரும் இல்லை. முயன்றவர்கள் உண்டு. முயன்று தோற்று, அந்தத் தோல்வியை மானப் பிரச்சினையாக்கி, கோயில் மண்டபத்தில் மைக் வைத்துப் பேசியவர்களும் உண்டு. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அவர் கடைக்கும் என் பூக்கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். முடிவெட்டுக் கடைக்குள் பெண்கள் போவதில்லை. எனக்குப் போக வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. ஆண்கள் கழுத்தில் துணியைக் கட்டி உட்காரவைத்தால் அவர்கள் குரல் தானாக உயர்ந்துவிடுகிறது. சரம் கட்டிக்கொண்டே பத்து வருஷம் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். பெண்கள்தான் வம்பு பேசுவார்கள் என்று சொல்கிறவர்களை அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு நாள் உட்காரவைக்க வேண்டும்.

சன்னாசி அண்ணன் சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா அந்தத் தோட்டத்துக்கே முடி வெட்டியவர். லயம் என்கிற கூலி வீட்டு வரிசையின் முன்வாசலில் ஆளை உட்காரவைத்துத் தலை சிரைப்பார். கூலி வாங்கப் பின்வாசலுக்குப் போவார். சம்பள நாளில் சில வீட்டில் காசு, சில வீட்டில் அரிசி, தீபாவளி என்றால் முறுக்கும் மீந்த கறியும். என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதெல்லாம் கொடுக்கிறவர் மனசு. விலை கிடையாது. கேட்கவும் கூடாது. துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், விழுந்ததை முடிந்துகொண்டு கும்பிட வேண்டும். மனுஷர் நாற்பது வருஷம் அப்படி நின்றார்.

தோட்டம் துண்டு துண்டாகக் கைமாறியபோது அப்பாவும் போய்ச் சேர்ந்தார். சன்னாசி அண்ணன் ஒரு கத்தரி, ஒரு சவரக் கத்தி, ஒரு கை மிஷின், மனைவி வீரம்மா என்று எல்லாச் சொத்தையும் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தார். எழுபத்தொன்றாம் வருஷம் எங்கள் வரிசையில் கடை போட்டார். முன்னால் கடை, பின்னால் ஓர் அறையில் குடித்தனம்.

"வெலைன்னு ஒன்னு எழுதி மாட்டி, அதுக்குக் கீழ நின்னு வேலை செய்யணும் தங்கச்சி. வேற ஆசை இல்ல" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். சிலருக்குக் கல்வீடு வேண்டும். சிலருக்கு ஏறிப்போகக் காடி வேண்டும். இவருக்கு ஒரு விலைப்பலகை போதும்.

வந்த புதிதில் அவரும் கோப்பிக் காசு வாங்கினவர்தான். முடி வெட்டினவனுக்கு ஒரு கோப்பி குடிக்கக் காசு கொடுப்பது பட்டணத்து நாகரிகம் என்று நினைத்தார். பத்துக் காசு என்பது பத்துக் காசு அல்ல என்பது போகப் போகத்தான் தெரிந்தது. பத்துக் காசு வைத்தவர், வேலை முடிந்த பிறகும் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்பு வரை வாசிப்பார். போகும்போது சினிமாப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போவார். இருபது காசு வைத்தவர் அடுத்த வாரம் மகனைக் கூட்டிவந்து, "காது ஓரம் மட்டும் லேசா எடுத்து விடு" என்பார். காது ஓரத்துக்குக் காசு கிடையாது. ஐந்து காசு வைத்த ஒரு பெரியவர் இருந்தார். அவருக்கு வேலை முடிந்ததும் தலையைத் தட்டி, கழுத்தில் நெட்டி முறிக்க வேண்டும். எல்லாருக்கும் இடம் ஒன்று, வலம் ஒன்று. அவருக்கு மட்டும் தோள், முதுகு, பத்து விரல் எல்லாம் முறிக்க வேண்டும். ஐந்து காசுக்கு அவர் உடம்பில் முறியாத எலும்பே கிடையாது.

நான் குற்றமாகச் சொல்லவில்லை. சாமியிடமும் நாம் அப்படித்தான். இருபது காசுக்குச் சூடம் கொளுத்திவிட்டு, நாலு நம்பர் லாட்டரியில் முதல் பரிசு, மகளுக்கு மாப்பிள்ளை, எதிர்வீட்டுக்காரனுக்கு வயிற்றுவலி என்று வரிசையாகக் கேட்கிறோம். சாமி பேசாமல் இருக்கிறார். சன்னாசி அண்ணனும் பேசாமல்தான் இருந்தார், எழுபத்து நாலாம் வருஷத் தீபாவளி வரை.

தீபாவளிக்கு முந்தின நாள் கடையில் நிற்க இடமில்லை. தோட்டத்திலிருந்து பால் வெட்டுகிற ஆள் ஒருவர் காலையிலிருந்தே காத்திருந்தார். அவர் முறை வந்து எழுந்தார். அந்த நேரம் உள்ளே நுழைந்த ஒருவர் ஐம்பது காசைக் கண்ணாடிப் பலகையில் 'டக்' என்று வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஐம்பது காசுக்குத் தனிக் குரல் இருந்தது. இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. சன்னாசி அண்ணன் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு துணியை உதறி, உட்கார்ந்தவருக்கே கட்டினார். தோட்டத்துக்காரர் "பஸ்ஸு போயிரும், வாரேன்" என்று தலைமுடியோடு கிளம்பிப் போய்விட்டார். பண்டிகையன்று அவர் அந்தத் தலையோடுதான் இருந்திருப்பார்.

அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. பண்டிகை கழிந்து கடை திறந்தபோது விலைப்பலகையில் புதிதாக இரண்டு வரி ஏறியிருந்தது. முடிவெட்டு ஒன்றரை வெள்ளி, சவரம் அறுபது காசு என்பதற்குக் கீழே: "நெட்டி எல்லாருக்கும் உண்டு. எழுதிய விலைக்கு மேல் வாங்குவதில்லை."

கூடக் கொடுக்காதே என்று சொன்னால் ஜனங்கள் சந்தோஷப்படுவார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். புந்தோங் கொதித்துப்போனது.

"ரெண்டு வெள்ளி குடுத்தா அம்பது காசைத் திருப்பித் தரான்லா! எல்லார் முன்னாலயும்! நான் என்னா பிச்சையா கேட்டேன்?"

"கொழுப்பு. வேற என்னா."

"வேணாங்கிறவன் ஒன்னு பைத்தியமா இருக்கணும், இல்ல கம்யூனிஸ்டா இருக்கணும்."

அதுவரை ஒருநாளும் ஐந்து காசு கூடக் கொடுத்தறியாதவர்கள்தான் அதிகம் வருத்தப்பட்டார்கள். கொடுக்கலாம் என்று இருந்தார்களாம். அதற்குள் பலகை வந்துவிட்டதாம்.

நகராட்சியில் சாக்கடை வேலை பார்த்த சீனி என்பவர் தினமும் வேலை விட்டு வந்து அந்தப் பெஞ்சில் உட்காருவார். தலையில் முடி இல்லாததால் அவருக்கு எந்தக் கட்சியும் கிடையாது.

"மச்சான், நீ காசைத் திருப்பிக் குடுக்கல. அவனுங்களோட பெரிய மனுசத்தனத்தைத் திருப்பிக் குடுக்கிறே. அத எங்க கொண்டுபோய் வைப்பானுங்க? வீட்ல பொண்டாட்டி வாங்கமாட்டா" என்பார்.

"இவன் ஒருத்தன். தலையைக் குனிஞ்சிக்கண்ணே, காது பத்திரம்" என்று சன்னாசி அண்ணன் வேலையைப் பார்ப்பார்.

போகப் போக ஊருக்கு ஒரு காரணம் பிடிபட்டது. சன்னாசி வாங்க மறுப்பது ஏன்? தொகை பத்தவில்லை! அதுதான். பாசாரில் மீன் வாங்கப் போனால் முதல் விலைக்கு எவன் கொடுக்கிறான்? இவரும் பேரம் பேசுகிறார். இப்படி முடிவு செய்துகொண்டு, பத்துக் காசு வைத்தவர் ஐம்பது காசு வைத்துப் பார்த்தார். ஐம்பது வைத்தவர் ஒரு வெள்ளி வைத்துப் பார்த்தார். எல்லாம் திரும்பி வந்தது. சன்னாசியை வாங்கவைக்கிறவன் யாரென்று பார்ப்போம் என்று, ஜல்லிக்கட்டு மாட்டை மடக்குகிற மாதிரி ஆகிவிட்டது விஷயம்.

இந்த நேரத்தில்தான், எழுபத்தொன்பதில், எங்கள் வரிசையின் ஆறு கடையையும் அர்ச்சுனன் வாங்கினார்.

அர்ச்சுனன் சன்னாசி அண்ணனின் அதே தோட்டம், அதே லயம். ஒரு காலத்தில் மணல் வாரியவர். இப்போது மணல் லோரி பதினொன்று வைத்திருந்தார். கெட்டவர் இல்லை. கோயிலுக்கு அள்ளிக் கொடுப்பார். கொடுத்த விளக்கில், மணியில், நாற்காலியின் முதுகில் எல்லாம் அவர் பெயர் இருக்கும். எங்கள் கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டால்தான் சாமி தெரிவார். திறந்தால் அர்ச்சுனன்தான் தெரிவார்.

கடை வாங்கின மறுநாளே முடி வெட்ட வந்தார். வேலை முடிந்தது. சிவப்பாக ஒரு பத்து வெள்ளித் தாளை நீட்டினார்.

"டேய் சன்னாசி, மிச்சத்தை வச்சிக்க."

"வேணாண்ணே. இந்தாங்க, எட்டு வெள்ளி அம்பது காசு."

"ஏன்லா, நான் குடுத்தாகூட வாங்கமாட்டியா?"

"ஒங்களுக்குன்னு இல்லண்ணே. யாருக்கும் இல்ல. போர்டுலயே எழுதியிருக்கு."

"போர்டு யாரு செவுத்துல மாட்டியிருக்கு?"

அண்ணன் திரும்பிச் சுவரைப் பார்த்தார். "ஒங்க செவுத்துலதாண்ணே" என்றார். சொல்லிக்கொண்டே எட்டரை வெள்ளியை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

பெஞ்சில் சீனி இருந்தார். சாயங்காலத்துக்குள் புந்தோங்கில் தெரியாதவர்கள் பாக்கியில்லை. கடை முதலாளி தௌக்கே பத்து வெள்ளி கொடுத்து, சில்லறை வாங்கிக்கொண்டு திரும்பினார் என்று பசியாறுகிற கடை, கள்ளுக்கடை எல்லா இடத்திலும் பேச்சு.

அர்ச்சுனனுக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லையாம். பிறகு வட்டார நலச்சங்கத்தின் செயலாளர் ஜெயபாலன் வாத்தியாரைக் கூப்பிட்டனுப்பினார். வாத்தியார் நல்ல தமிழ் பேசுவார். மைக் இல்லாவிட்டாலும் பேசுவார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்ன ஆலோசனை இதுதான்: "சில்லறையாகக் கையில் திணித்தால் தன்மானமுள்ள உழைப்பாளி எப்படி வாங்குவான்? மரியாதையோடு கொடுக்க வேண்டும்."

சங்கம் கூடியது. மூன்று மணி நேரம் பேசியது. முடிவெட்டும் தொழிலாளருக்கு வாடிக்கையாளர் குறைந்தது ஐம்பது காசாவது மனமுவந்து அளிக்க வேண்டும் என்று முதல் தீர்மானம் போட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் சன்னாசிக்குப் பாராட்டு விழா எடுத்து, 'சிகைக்கலைச் செம்மல்' என்ற பட்டமும், பொன்னாடையும், நூற்றொரு வெள்ளி பொற்கிழியும் வழங்க வேண்டும் என்று இரண்டாவது தீர்மானம். வழங்குபவர் அர்ச்சுனன். மாலைக்கு என்னிடம்தான் சொன்னார்கள். ரோஜா வைத்துக் கட்டச் சொன்னார்கள். இரண்டு மாலை. ஒன்று பாராட்டப்படுகிறவருக்கு, அதைவிடப் பெரியது பாராட்டுகிறவருக்கு.

சன்னாசி அண்ணனிடம் செய்தி சொல்ல அர்ச்சுனனே வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடி பேசினார்.

"எங்கிட்ட ஒரு சீனன் வந்தான். ஏர்கோன் போட்டு, பொம்பளப் புள்ளைங்கள வச்சி சலூன் தொறக்கப் போறானாம். இந்தக் கடைக்கு எரநூறு தரேங்கிறான். நீ தர எம்பதுக்கு. நான் இன்னும் ஒன்னும் சொல்லல. பழைய ஆளு நீ, ஒரே லயத்து ஆளு. ஞாயித்துக்கெழம மேடையில மொறையா வாங்கிக்க. அவ்வளவுதான். எம் மொகத்த நீ காப்பாத்து, ஒன் கடைய நான் காப்பாத்துறேன்."

போய்விட்டார். அந்தப் பக்கம் கத்தரிச் சத்தம் ரொம்ப நேரம் கேட்கவில்லை.

பின்னால் அறையிலிருந்து வீரம்மா வந்தார். நானும் வாசலில் போய் நின்றேன்.

"இதுல யோசிக்க என்னா இருக்கு? கடை போனா வீடும் போச்சு. கண்ணாடியத் தூக்கிக்கிட்டு எங்க போவீங்க? மேடையில ஏறுங்க, கைய நீட்டி வாங்குங்க, எறங்குங்க. வீட்டுக்கு வந்து சவுக்காரம் போட்டுக் கையக் கழுவிக்கலாம்."

"எங்கப்பா கழுவிப் பாத்தாரு புள்ள. போகல."

"ஒங்கப்பாவுக்குக் கடை இல்ல. ஒங்களுக்கு இருக்கு. இருக்கறதக் காப்பாத்தத் தெரியணும்."

வீரம்மா அழுதார். அழுதுகொண்டே, மேடையில் போட ஜிப்பாவைத் துவைத்துக் காயப்போட்டார். அண்ணன் சாமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, வாங்கிக்கிறேன்" என்றார். எனக்குக் கேட்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் நான் என்ன சொல்ல முடியும்? அந்தச் சுவரில் சாய்ந்துதானே என் கடையும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை அர்ச்சுனன் கடைக்கு வந்தார். விழாவுக்கு அழகாக வெட்டிவிடச் சொன்னார். மீசை ஒதுக்கி, நெட்டி முறித்து, பவுடர் போட்டு எல்லாம் ஆயிற்று. எழுந்து கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "காசுதான் சாயங்காலம் மொத்தமா வருதே, அதுல வச்சிக்க!" என்று சிரித்துக்கொண்டே காடியில் ஏறிப் போய்விட்டார்.

மண்டபம் நிறைந்திருந்தது. முடிவெட்டுகிறவருக்குக் கௌரவம் செய்யவா, சன்னாசி வாங்குகிறாரா என்று பார்க்கவா என்பது அவரவர் மனசாட்சிக்குத் தெரியும். கடவுள் வாழ்த்து முடிந்ததும் ஜெயபாலன் வாத்தியார் முக்கால் மணி நேரம் பேசினார். சிகை என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதில் தொடங்கி, சன்னாசி அண்ணனை அடைவதற்குள் குழந்தைகள் எல்லாம் தூங்கிவிட்டன. அண்ணன் மேடையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். ஆளை உட்காரவைத்தே பழகியவர். தான் உட்கார்ந்தால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பிறகு அர்ச்சுனன் எழுந்தார். அவருக்கு மேடைப் பேச்சு வராது. மனசில் இருப்பதைத்தான் பேசுவார்.

"இந்தச் சன்னாசி யாரு? எங்க தோட்டத்து ஆளு. இவங்கப்பா எங்க வீட்டுப் பின்வாசல்ல வந்து நிப்பாரு. எங்கம்மா அள்ளிப் போடும். அந்தக் கையி போட்ட அரிசியிலதான் இவன் வளந்தான். அதே வீட்டுக் கைதான் இன்னிக்கு மேடையில போடுது. அன்னிக்குத் துண்டுல வாங்குனாங்க, இன்னிக்குப் பட்டுப் பையில வாங்குறாங்க. இதாங்க முன்னேத்தம்!"

கைத்தட்டல் ஓயவே இல்லை. புகழ்ந்துதான் பேசினார் அவர், சத்தியமாக. நான் சன்னாசி அண்ணன் முகத்தைப் பார்த்தேன். வீரம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பொன்னாடை விழுந்தது. மாலை விழுந்தது. பித்தளைத் தட்டில் சிவப்புப் பட்டுப் பை வந்தது. அர்ச்சுனன் அதை எடுத்து நீட்ட, போட்டோ பிடிப்பவர் குனிந்தார். சன்னாசி அண்ணன் வாங்கிக்கொண்டார். வீரம்மா மூச்சு விட்டார். மண்டபமே மூச்சு விட்டது.

அண்ணன் பையின் சுருக்கை அவிழ்த்தார்.

உள்ளே ஒரு நூறு வெள்ளித் தாள், ஒரு ஒற்றை வெள்ளித் தாள். ஒற்றை வெள்ளியை எடுத்து ஜிப்பாப் பையில் வைத்தார். நூறு வெள்ளியைப் பட்டுப் பையோடு தட்டில் திருப்பி வைத்தார். வாத்தியார் மைக்கை அவர் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்ததால், அவர் மெதுவாகச் சொன்னது கோயில் வாசல் வரைக்கும் கேட்டது.

"காலையில வெட்டுனதுக்கு எடுத்துக்கிட்டேண்ணே. ஒன்னர வெள்ளி. இன்னும் அம்பது காசு கொறையுது. இருக்குங்களா?"

அர்ச்சுனன் பட்டு ஜிப்பாவைத் தடவிப் பார்த்தார். அந்த ஜிப்பாவுக்குப் பையே கிடையாது. வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் உத்தரத்தைப் பார்த்தார்.

மூன்றாவது வரிசையிலிருந்து சீனி எழுந்தார். "தௌக்கே! எங்கிட்ட அம்பது காசு இருக்கு! அப்புறமா மறக்காமக் குடுத்துருங்க லா!" காசு கை மாறி, தலை தாண்டி, மேடைக்குப் போயிற்று. முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. பூசாரி கூடத் திரும்பிக்கொண்டு சிரித்தார். அண்ணன் அந்த ஐம்பது காசை வாங்கிப் பையில் போட்டு, அர்ச்சுனனைக் கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினார்.

கேலி செய்ய வேண்டும் என்று அவர் செய்யவில்லை. எனக்குத் தெரியும். வாங்கத்தான் போனார், அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் வாங்கினார்.

"கடை போச்சு" என்றார் வீரம்மா.

மறுநாளிலிருந்து வீரம்மா சட்டி பானைகளைக் கட்ட ஆரம்பித்தார். நான்காம் நாள் அர்ச்சுனனின் ஆள் ஒரு கடிதத்தோடு வந்தார். அண்ணனுக்கு வாசிக்கத் துணிவு வரவில்லை. சீனிதான் பிரித்து வாசித்தார். காலி செய்யச் சொல்லவில்லை. அடுத்த மாதத்திலிருந்து வாடகை எண்பது இல்லை, நூற்றிருபது.

"ஏன் தொரத்தல?" என்று வீரம்மா நம்பாமல் கேட்டார்.

"எப்படித் தொரத்துவாரு அக்கா? ஒன்னர வெள்ளிக்காகக் கடையப் புடுங்குனாருன்னு ஊரு சொல்லுமில்ல. கோயில்ல இருக்கிற நாக்காலி அத்தனையும் பேர் போட்டுக் குடுத்தவரு. நூறு நாக்காலிப் பேர ஒன்னர வெள்ளிக்கு விப்பாரா?" என்றார் சீனி.

ஆக, கடையைக் காப்பாற்றியது அர்ச்சுனன்தான். அவர் சொன்ன மாதிரி இல்லை, அவ்வளவே.

நாற்பது வெள்ளி கூடுதல் வாடகைக்கு அண்ணன் எங்கே போவார்? பெயிண்டர் வந்து விலைப்பலகையில் ஒன்றரை வெள்ளியை அழித்து, ஒரு வெள்ளி எண்பது காசு என்று எழுதினார்.

அன்றைக்குப் பார்க்க வேண்டும் புந்தோங்கை! கோப்பிக் காசு வாங்காததற்கு வந்த கோபமெல்லாம் ஒன்றுமே இல்லை.

"முப்பது காசா? பகல் கொள்ளையால்ல இருக்கு!"

"காட்டுல மரம் வெட்டுறவனுக்குக்கூட இவ்வளவு ஏத்தல. முடி வெட்டுறவனுக்கு முப்பது காசு கேக்குதா?"

ஜெயபாலன் வாத்தியார் நேரிலேயே வந்துவிட்டார். "சன்னாசி, இது நியாயமில்லை. சங்கத்தில் இதைக் கடுமையாக எடுத்துப் பேச வேண்டியிருக்கும்."

"சார், நீங்கதானே சார் ஆளுக்கு அம்பது காசு கூடக் குடுக்கணும்னு தீர்மானம் போட்டீங்க? நான் முப்பதுதான் சார் ஏத்துனேன்."

"அது வேறு. அது நானாக விரும்பிக் கொடுப்பது. இது நீயாகக் கேட்பது."

"ஆமா சார்" என்றார் அண்ணன். இத்தனை நாளும் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மூன்று வாரம் பெஞ்சு காலியாக இருந்தது. சீனி மட்டும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார். அவரால் ஒரு பைசா வரும்படி இல்லை. மற்றவர்கள் எல்லாம் பட்டணத்துக்கு ஏர்கோன் சலூனுக்குப் போனார்கள். அங்கே நான்கு வெள்ளி. வெட்டின பெண் சிரித்தால் இன்னும் ஒரு வெள்ளி. பஸ் காசு தனி. முப்பது காசை மிச்சம் பிடிக்க அவ்வளவு செலவு செய்தார்கள். வீரம்மா கட்டிவைத்த சட்டி பானையை இன்னும் அவிழ்க்கவில்லை. வாடகை நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் தினமும் கடை சாத்தும்போது ஒரு முழம் பூவை அவருடைய சாமி படத்துக்கு அனுப்பிவிட்டு, என்னென்னவோ வேண்டிக்கொண்டேன். நானும் கோப்பிக் காசு கொடுக்கிற கூட்டம்தானே.

நாலாவது வாரம் ஒருவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். சலூனில் எல்லாம் நன்றாக இருக்கிறதாம், நெட்டி மட்டும் இல்லையாம். அந்தப் பெண்ணிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் வந்துவிட்டாராம். அடுத்த நாள் இரண்டு பேர். ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மாதக் கடைசியில் வாத்தியாரும் வந்தார். முறைக்குக் காத்திருந்து, பலகையைப் பார்க்காமல், சரியாக ஒரு வெள்ளி எண்பது காசு எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். வாடகை தேறியது. வீரம்மா சட்டியை அவிழ்த்து அன்றைக்குப் பாயசம் வைத்தார்.

அர்ச்சுனன் மட்டும் வரவில்லை. மூன்று மாதம் வரவில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து, காடியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணன் துணியைக் கட்டினார். வெட்டினார். தலையைத் தட்டி, கழுத்தைத் திருப்பினார். இடம் ஒன்று, வலம் ஒன்று. அர்ச்சுனன் 'ஆ' என்று ஒரு மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. மூன்று மாத மூச்சு.

"வாடகை ஏத்துனா நீ வெலைய ஏத்துறியா?" என்றார்.

"வேற எங்கண்ணே போவேன்?"

"ம்."

இரண்டு வெள்ளி கொடுத்தார். அண்ணன் இழுப்பறையில் துழாவினார். இருபது காசு சட்டென்று அகப்படவில்லை. நான் என் சில்லறை டப்பாவைத் திறந்தேன், கொடுத்தனுப்பலாம் என்று. அர்ச்சுனன் போகவில்லை. உள்ளங்கையை நீட்டியபடி நின்றார்.

"மெதுவா தேடு லா. எனக்கு ஒன்னும் அவசரமில்ல. இருபது காசு வரணும்" என்றார்.

கிடைத்தது. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

சாயங்காலம் சீனி வந்து, "தௌக்கே வந்தாராமே? என்னா குடுத்தாரு?" என்று கேட்டார்.

"கூட ஒன்னும் குடுக்கலப்பா!" என்றார் சன்னாசி அண்ணன். "மிச்சத்தக் கேட்டு வாங்கிக்கிட்டுப் போனாரு!"

அவர் அத்தனை சந்தோஷமாகச் சத்தம் போட்டுப் பேசி, அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் ஒருநாளும் கேட்டதில்லை.